இண்டூரை ஆங்கிலத்தில் எழுதும்போது

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையில் இருக்கிறது இண்டூர். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஐ, என், டி, யூ, ஆர் என்று ஐந்து எழுத்துகளில் எழுதுவது வழக்கம். ஊரை அறியாத ஒருவரிடம் இந்த ஐந்து எழுத்துகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் இந்தூர், இந்துர், இண்டுர், இன்டர் என்று எது வேண்டுமானாலும் வரலாம். தெலங்கானாவின் நிஜாமாபாத் நகருக்கு இந்தூர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதையும் ஆங்கிலத்தில் இதே ஐந்து எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். அங்கே நாக்கு பல்லைத் தொடுகிறது. இங்கே வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஆங்கில எழுத்தால் முடியவில்லை. போகட்டும், கடைசியில் வரும் ஊகாரத்தையாவது நெடிலாகக் காட்டுவோம் என்று யூவை எடுத்துவிட்டு இரட்டை ஓ போட்டால் என்ன ஆகும்? ஐ, என், டி, ஓ, ஓ, ஆர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எவரும் அதை இண்டோர் என்றுதான் படிப்பார். உள்விளையாட்டரங்கைக் குறிக்க நாம் சொல்கிற அதே இண்டோர். ஒலியைத் திருத்தப் போய் ஊரின் பெயரை வேறொரு சொல்லாகவே ஆக்கிவிடுகிறது அந்தத் திருத்தம்.

இரட்டை ஓ என்பது நான் வலிந்து கற்பித்த யோசனை அல்ல. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதில் பல ஊர்ப் பெயர்களின் ‘ஊர்’ இரட்டை ஓ பெற்றது. தருமபுரியின் முதலில் இருந்த டிஎச் போய் டீஎச் வந்தது. (ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தை டி என்றும் இருபதாம் எழுத்தை டீ என்றும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். தமிழ் வரிவடிவில் அவற்றைப் பிரித்துக் காட்ட இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த இரண்டு ஒலிகளுக்குமாகத் தமிழ் எழுத்து அமையவில்லை, அவ்வளவுதான்.) தூத்துக்குடிக்கு மூன்று டீஎச்சும் ஓர் இரட்டை ஓவும் கிடைத்தன. கோயம்புத்தூர் கே என்ற எழுத்தில் தொடங்கி நீண்டது. வேலூருக்கு இரட்டை ஈ போட்டார்கள். ஆங்கிலம் பழகிய கண் அதை வீலூர் என்று படிக்கும். எதிர்ப்பும் கேலியும் எழுந்தன. அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. வல்லுநர்களைக் கலந்து மீண்டும் வெளியிடுவதாக அப்போதைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் பாண்டியராஜன் அறிவித்தார். அன்று நடந்த விவாதம் பெரும்பாலும் புதிய எழுத்துக்கூட்டல்களின் விகாரமான தோற்றத்தைப் பற்றியதாகவே இருந்தது. அடிப்படையான கேள்வியை அது தொடவில்லை. தமிழ்ப் பெயரின் ஒலியை ஆங்கில எழுத்தில் சரியாக எழுத முடியும் என்ற நம்பிக்கையே பிழை என்பது என் வாதம். எத்தனை வல்லுநர்களைக் கலந்தாலும் அது நடக்காது. ஆங்கில எழுத்து தன் சொந்த மொழியின் ஒலியையே சரியாகக் காட்டுவதில்லை.

இரட்டை ஓவையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலவைக் குறிக்கும் மூன் என்ற சொல்லில் அது ஊ. புக் என்பதில் உ. பிளட் என்பதில் ஏறக்குறைய அ. டோர் என்பதில் ஓ. நான்கும் எளிய சொற்கள், ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்தவை. நான்கிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. இது யாரோ கவனக்குறைவாக எழுதிவைத்ததால் வந்ததல்ல. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தபோது, அந்நாட்டு மக்களின் உயிரொலிகள் ஒரு பெரிய இடப்பெயர்ச்சியின் நடுவில் இருந்தன. 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 300 ஆண்டுகள் நெடில்கள் ஒன்றன் இடத்துக்கு ஒன்றாக நகர்ந்தன. அச்சு, நகர்ந்துகொண்டிருந்ததை நகர்வதற்கு முந்தைய வடிவில் உறைய வைத்தது. வீரனைக் குறிக்கும் நைட் என்ற சொல்லின் தொடக்கத்தில் இன்று ஒலிக்காமல் நிற்கும் கே ஒரு காலத்தில் ஒலித்தது. நடுவில் நிற்கும் ஜிஎச்சும் ஒலித்தது. வாய் அவற்றைக் கைவிட்டது, எழுத்து கைவிடவில்லை. பிறகு லத்தீன் படித்த அறிஞர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில், லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக யாரும் ஒலிக்காத ஒரு பி நுழைக்கப்பட்டது. தீவைக் குறிக்கும் ஐலண்ட் என்ற சொல்லுக்கு லத்தீனோடு உறவே இல்லை. இருப்பதாகத் தவறாக எண்ணி அதற்குள் ஓர் எஸ் வைத்தார்கள். சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தபோது இவையெல்லாம் ஆவணமாகி நிலைத்தன. ஆக, ஆங்கிலச் சொல்லின் எழுத்து அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்கிறது. இன்றைய ஒலியை அதிலிருந்து ஊகிக்க முடியும், உறுதிசெய்ய முடியாது.

ஊர்ப் பெயர்களில் இது இன்னும் தீவிரம். லெஸ்டர் என்று சொல்லும் ஊரை ஆங்கிலேயர்கள் எழுதுவதை நம் முறையில் எழுத்தெழுத்தாகப் படித்தால் லெய்செஸ்டர் என்று வரும். கிரெனிச் என்பதை எழுத்தின்படி படித்தால் கிரீன்விச். நம் பாடநூல்கள் பல காலமாக அப்படித்தான் அச்சிட்டு வந்திருக்கின்றன. எடின்பரா நகரைத் தமிழ்ப் பத்திரிகைகள் எடின்பர்க் என்று எழுதுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் எவரும் உலகம் நம்மைத் தவறாகப் படிக்கிறது, எழுத்துக்கூட்டலை மாற்று என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் கேன்சஸ் என்றொரு மாநிலம். அதே எழுத்துகளுக்கு முன்னால் ஏ, ஆர் சேர்த்து எழுதப்படும் இன்னொரு மாநிலம் ஆர்கன்சா. ஒன்றில் கடைசி எஸ் ஒலிக்கும், மற்றதில் ஒலிக்காது. இதைப் பற்றிச் சண்டை வந்தபோது ஆர்கன்சா சட்டமன்றம் 1881-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உச்சரிப்பு இதுதான் என்று தீர்மானம் சொன்னது, எழுத்துக்கூட்டலில் கைவைக்கவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை 140 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்ட சட்டமன்றம் அது. நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலை ஒலிக்கு ஏற்ப மாற்றுவோம் என்பவர்கள் விடை சொல்ல வேண்டிய முதல் கேள்வி, யாருடைய ஒலிக்கு என்பது. லண்டனைச் சுற்றிய தென் இங்கிலாந்தில் சொல்லின் இறுதியில் வரும் ஆர் ஒலிப்பதில்லை. கார் என்பது அங்கே கா. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அது அழுத்தமாக ஒலிக்கும். இண்டூரின் கடைசியில் நாம் எவ்வளவு கவனமாக ஆர் போட்டாலும் லண்டன் செய்தி வாசிப்பாளர் அதை விழுங்கிவிடுவார். பாத் என்ற சொல்லைத் தென் இங்கிலாந்து நெடிலாகச் சொல்கிறது, வட இங்கிலாந்து குறிலாகச் சொல்கிறது. நம்மவர்கள் ஆங்கிலத்தின் டீ, டி இரண்டையும் நாக்கை வளைத்துத் தமிழ் டகரம்போல் சொல்கிறோம்; ஆங்கிலேயர்களுக்கு அது பல்லின் வேரில் பிறக்கும் ஒலி. ஒரே எழுத்தை இப்படி நூறு விதமாகப் படிக்கும் உலகத்துக்கு எந்த எழுத்துக்கூட்டலும் ஒரே ஒலியைக் கொடுத்துவிடாது. மறுபுறம், கிளாஸ்கோக்காரரும் சென்னைக்காரரும் ஒரே ஆங்கில நாளிதழைச் சிரமமில்லாமல் படிக்க முடிவதற்குக் காரணம், ஆங்கில எழுத்துக்கூட்டல் எவருடைய உச்சரிப்பையும் பின்பற்றாமல் நிற்பதுதான். ஒலிக்கு ஏற்ப எழுதத் தொடங்கினால் ஊருக்கு ஓர் ஆங்கிலம் வேண்டியிருக்கும்.

நம் 2020 ஆணையை நினைவூட்டும் ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் 1906-இல் நடந்தது. ஆண்ட்ரூ கார்னகியின் பண உதவியோடு இயங்கிய எளிய எழுத்துக்கூட்டல் குழு ஒன்று 300 சொற்களுக்குச் சுருக்கமான வடிவங்களைப் பரிந்துரைத்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை ஏற்று, அரசு அச்சகம் இனி அந்த வடிவங்களையே பயன்படுத்த வேண்டும் என்று ஆகஸ்டில் உத்தரவிட்டார். பத்திரிகைகள் கேலிசெய்தன, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, பிரதிநிதிகள் அவை எதிர்த்தது. டிசம்பரில் உத்தரவு திரும்பிப் போனது. அந்த 300-இல் மக்கள் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்த வடிவங்கள் நிலைத்தன; குழு புகுத்த முயன்ற வடிவங்களில் பெரும்பாலானவை மறைந்தன. அதற்கும் முன்பு நோவா வெப்ஸ்டரின் கதையும் இதுவே. அவர் அகராதியில் யூவைக் களைந்து எழுதிய கலர் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது. டங், விமன் போன்ற சொற்களுக்கு அவர் ஒலியின்படி முன்வைத்த வடிவங்கள் ஒட்டவில்லை. எழுத்துக்கூட்டல் மாறாதது அல்ல. ஆனால் ஆணைக்குப் பணிந்து மாறியது அரிது.

இண்டூருக்குத் திரும்புவோம். வேலூர், கோயம்புத்தூர், நெல்லூர் போன்ற ஊர்கள் ஆங்கிலத்தில் ஓ, ஆர், ஈ என்று முடிவதும், இண்டூர், கரூர், மொரப்பூர் யூ, ஆர் என்று முடிவதும் ஏன்? முதல் வகை கம்பெனி காலத்து வெள்ளையர்கள் தங்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியது. இரண்டாவது வகைக்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. 1870-களில் இந்திய அரசு, வில்லியம் வில்சன் ஹண்டர் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி யூ என்ற எழுத்து எப்போதும் உகரம் அல்லது ஊகாரம். நெடிலுக்கு மேலே ஒரு கோடு. ஏற்கெனவே பேர்போன ஊர்களின் பழைய வடிவங்களை அந்த முறை விட்டுவைத்தது. வருவாய்ப் பதிவுகளிலும் நிலப்படங்களிலும் ஏறிய சிற்றூர்கள் பலவும் புதிய முறையில் வந்தன. நாளடைவில் அச்சில் மேற்கோடு உதிர்ந்தது, யூ மட்டும் எஞ்சியது. ஆகவே இண்டூரின் இன்றைய ஆங்கில வடிவம் ஹண்டர் வகுத்த ஒழுங்கோடு பொருந்துவது. அதை வெள்ளைக்காரர்கள் காதுகேளாமல் சிதைத்தது என்று சொல்ல இடமில்லை. 2020 ஆணை கொண்டுவந்த இரட்டை ஓதான், அந்த ஒழுங்கைக் கைவிட்டுக் கம்பெனி காலத்து ஆங்கிலக் காதுக்குத் திரும்பிப் போனது. தமிழ் உணர்வின் பெயரால் அது நடந்தது எனக்கு வருத்தம் தருகிறது.

தருமபுரி மாவட்டத்தின் மற்றப் பெயர்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. அரூர் ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தில் தொடங்குகிறது, ஒகேனக்கல்லும் அப்படியே. முன்பு இதே மாவட்டத்தில் இருந்து இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கும் ஓசூரும் அப்படியே. இன்றைய தருமபுரி மாவட்டம், 1792-இல் கம்பெனியின் கைக்கு வரும்வரை மைசூர் ஆட்சியில் இருந்த பாராமகாலின் பகுதி. ஒகேனக்கல்லில் காவிரியின் அக்கரை கர்நாடகம். புகையைக் கன்னடம் ஹொகே என்கிறது, அந்த ஹகரம் ஆங்கிலப் பெயரில் எச்சாக நிற்கிறது. தமிழர் நாவில் அது இல்லை, தமிழ் எழுத்திலும் இல்லை. இப்போது எச்சை நீக்குவதா, வைப்பதா? தமிழ் ஒலிக்கு ஏற்ப என்றால் நீக்க வேண்டும். நீக்கினால் ஊரின் இரு மொழி வரலாற்றில் ஒன்றை அழித்தவர்கள் ஆவோம். இரண்டு கரையாரும் தத்தம் வாயில் தத்தம் ஒலியோடு சொல்லிக்கொண்டு, ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவதில் யாருக்கும் இழப்பில்லை.

தமிழ் எழுத்தாவது ஒலியை அப்படியே காட்டுகிறதா என்றால், ஆங்கிலத்தைவிட மிக நெருக்கமாகக் காட்டுகிறது, முழுதாக அல்ல. கல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இடத்தை வைத்து ஒலியை அறியும் விதி தமிழருக்குத் தாய்ப்பாலோடு வந்துவிடுவதால் குழப்பம் இல்லை. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் பகுதிகளும் யகரமாகச் சொல்லும் பகுதிகளும் தமிழ்நாட்டில் உண்டு. வெற்றி என்ற சொல்லின் றகரத்தை யாழ்ப்பாணத்தார் சொல்வதும் நாம் சொல்வதும் வேறு. ரகர றகர வேறுபாடு பலர் பேச்சில் மறைந்து நாளாயிற்று. ஆனாலும் எழுத்தில் காக்கிறோம். அதனால்தான் யாழ்ப்பாணத்துப் புத்தகத்தைத் தருமபுரியில் படிக்க முடிகிறது. இன்னொன்றும் உண்டு. வடசொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்று வர வேண்டும் என்று தொல்காப்பியம் எச்சவியலில் விதிக்கிறது. வந்தேறும் சொல் வந்த இடத்து எழுத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற அந்த நெறியை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். பிரெஞ்சுக்காரர் பாரி என்று சொல்வதை நாம் பாரிஸ் என்று எழுதுகிறோம். அப்படியிருக்க, நம் பெயர்கள் ஆங்கிலத்துக்குள் போகும்போது மட்டும் அந்த மொழி நம் ஒலிக்கு வளைய வேண்டும் என்று கேட்பது நம் இலக்கணத்துக்கே முரணானது.

இதற்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தவறான ஆங்கில எழுத்து நம் பிள்ளைகளின் நாவைக் கெடுக்கிறது என்பது. உண்மைதான். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலப் பலகையைப் பார்த்துப் படிக்கிறார்கள். கைபேசி வரைபடத்தின் குரல் பாலக்கோட்டை ஆங்கிலச் சொல்போலப் படித்தால் அதையே நம்பும் தலைமுறை வளர்கிறது. இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மருந்து ஆங்கில எழுத்தில் இல்லை. திண்டுக்கல்லின் ஆங்கில வடிவத்தில் முதலில் வரும் டி தகரம், நடுவில் வரும் டி டகரம். முதல் டியை டீஎச் ஆக்கினாலும் ஆங்கிலத்தில் டீஎச்சுக்கு இரண்டு ஒலிகள் உண்டு. இரண்டுமே தமிழ்த் தகரம் அல்ல. ஐயமறக் காட்ட வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்த தொகுதிகளில் பயன்படுத்திய முறை இருக்கிறது: எழுத்துக்கு அடியில் புள்ளி, மேலே கோடு. இண்டூர் அதில் பிழையில்லாமல் வரும். ஆய்வாளருக்கு அது போதும். பேருந்துப் பலகைக்கும் விசைப்பலகைக்கும் அது உதவாது. பிள்ளைகளின் நா திருந்த வேண்டுமானால் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக, பிழையின்றி இருக்க வேண்டும். வரைபட நிறுவனங்களுக்கு அரசு தமிழ் வடிவத்தையும் ஒலிப்பதிவையும் கொடுக்க வேண்டும். தமிழைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைத் திருத்தித் தருவது நோயை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்து தடவுவது.

இரண்டாவது மறுப்பு, அடிமைக் காலத்தின் எச்சத்தைத் துடைக்க வேண்டும் என்பது. பெயரே வேறாகிப் போன இடங்களில் இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது சரி. பெங்களூர் 2014-இல் ஆங்கிலத்திலும் பெங்களூரு ஆனதை அந்த மாநில மக்களின் உரிமை என்பேன். திருவல்லிக்கேணிக்கும் எழும்பூருக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களைத் தமிழ்க் காது அடையாளம் காண முடியாது. அவற்றைத் தமிழ்ப் பெயராலேயே எழுதுவது நியாயம். ஆனால் பெயரை மீட்பது வேறு, எழுத்தை அளைவது வேறு. இண்டூர் எந்த மொழியில் எழுதினாலும் இண்டூராகவே இருக்கிறது. மதுரையும் தருமபுரியும் அப்படியே. இவற்றின் எழுத்தை மாற்றுவதால் மீட்கப்படுவது எதுவுமில்லை, மாற்றத்தின் செலவும் அலைச்சலும் மட்டும் மக்கள் தலையில் விழும்.

அந்த அலைச்சல்தான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் உறுத்துவது. ஊர்ப் பெயரில் நடப்பது ஆள் பெயரில் நாள்தோறும் நடக்கிறது. எழிலரசி என்ற பெயரின் ழகரத்தைப் பள்ளிச் சான்றிதழில் இஸட், எச் என்று எழுதியிருப்பார்கள், வாக்காளர் அட்டையில் எல் என்று எழுதியிருப்பார்கள். முருகேசனின் ககரம் ஒரு தாளில் ஜி, இன்னொன்றில் கே. கீதாவின் தகரத்துக்குத் தெற்கே டீஎச், வடக்கே வெறும் டீ. மலேசியாவுக்குப் போன தமிழர்களின் லட்சுமி அங்கே எல், ஈ, டீ, சி, எச் என்று தொடங்குகிறாள். இவற்றில் எதுவும் தவறு அல்ல. எழுதியவர் எந்தப் பழக்கத்தில் எழுதினார் என்பதே வேறுபாடு. ஆனால் நம் நிர்வாகம் ஒவ்வோர் எழுத்தையும் கைரேகைபோல் நடத்துகிறது. வங்கிக் கணக்கில் ஓர் ஏ கூடுதல், ஆதாரில் ஓர் எச் குறைவு என்றால், அவர் வேறு ஆள். பிஎம் கிசான் போன்ற திட்டங்களில் பெயர் பொருந்தாவிட்டால் தவணை நின்றுவிடும். பிறகு இ-சேவை மையம், தாசில்தார் அலுவலகம், நோட்டரி முன்னால் அபிடவிட், சிலருக்கு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வரை போக வேண்டியிருக்கிறது. பிழை செய்தது தட்டச்சு செய்த கை. கூலி வேலைநாளை இழந்து அலைவது ஆங்கில எழுத்தே அறியாத முதியவர். கொடுமை இதோடு முடியவில்லை. ஆங்கிலத்தில் பெயரைத் தட்டியதும் கணினியே தமிழ் வடிவத்தை உருவாக்கித் தரும் முறை வந்துவிட்டது. கே, ஏ, எல், ஏ என்ற நான்கு எழுத்துகளிலிருந்து கலா, காலா, களா, கல என்று எதுவும் பிறக்கலாம். யாரும் சரிபார்க்காவிட்டால் கலா அட்டையில் காலா ஆகிவிடுகிறார். தமிழ்ப் பெயரின் தமிழ் வடிவத்தை ஆங்கிலத்திலிருந்து ஊகித்து எழுதும் நிலைக்குத் தமிழ்நாட்டிலேயே வந்துவிட்டோம்.

ஆங்கில எழுத்தில் சரி என்று ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொண்டால் தீர்வு எளிது. தமிழ்நாட்டு ஆவணங்களில் ஆளின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் தமிழ் வடிவமே மூலம் என்று சட்டமாக வேண்டும். பிறப்புப் பதிவில் முதலில் தமிழில் எழுதி, பெற்றோர் படித்து ஒப்புதல் தந்த பிறகே ஆங்கில வடிவம் ஏற வேண்டும். தமிழ் வடிவம் ஒன்றாகவும் பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி ஒன்றாகவும் இருந்தால், ஆங்கில எழுத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி மாநில அரசின் எந்த அலுவலகமும் விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது. தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநில அதிகாரி என்ன செய்வார் என்று கேட்கலாம். அவருக்கு ஆங்கில வடிவம் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் தனி எண் உண்டு. ஆளுக்கு ஆதார் எண் உண்டு. எண்ணை வைத்து அடையாளம் காணும் வசதி வந்த பிறகும் எழுத்தை வைத்துச் சந்தேகப்படுவதற்கு நியாயம் இல்லை.

இதில் நம் வீட்டு வேலை ஒன்று பாக்கி இருப்பதையும் சொல்ல வேண்டும். தமிழை மூலமாக்க வேண்டுமானால் தமிழ் வடிவம் முதலில் ஒன்றாக இருக்க வேண்டும். தருமபுரி என்று ஒரு பலகை, தர்மபுரி என்று அடுத்த பலகை. பாலக்கோடு, பாலகோடு, ஓசூர், ஒசூர். ஆங்கில வடிவத்துக்கு 1,018 ஊர்களின் பட்டியல் போட்ட அரசு, தமிழ் வடிவத்துக்கு ஒரு பட்டியல் போடட்டும். ஊராட்சி வாரியாக, கிராம சபையில் படித்துக் காட்டி, கல்வெட்டிலும் பழைய பதிவிலும் உள்ள வடிவங்களைத் தமிழறிஞர்கள் ஒப்பிட்டு, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தமிழ் வடிவத்தை உறுதிசெய்து அரசிதழில் வெளியிடட்டும். ஆங்கிலத்தில் இன்று வழக்கில் உள்ளதை அப்படியே விட்டுவிடலாம். இண்டூரின் ஐந்து ஆங்கில எழுத்துகளால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. கேட்க வேண்டியது, அந்த ஊர்ப் பெண்ணின் அட்டையில் அவள் பெயர் தமிழில் சரியாக இருக்கிறதா என்பது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பை முகவரியில் இருக்கும் மனிதர் மேல் போடாமல் அரசு தன் மேல் எடுத்துக்கொள்ள வேண்டும்.